காத்திருக்கும் நேரத்தில் அடுத்த வேலை: பைத்தானில் ஏசிங்க், முதல் பாடம்



சாமல்பட்டி, ஊத்தங்கரைப் பகுதியில் கணினி படிக்கும் நம் பிள்ளைகள் பலர் வேலைக்கு ஓசூரையும் பெங்களூரையும்தான் பார்க்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலிலேயே பைத்தான் பாடமாக இருப்பதால் இஃப், ஃபார், லிஸ்ட் வரை அவர்களுக்குச் சிரமம் இல்லை. நேர்காணலில் "ஏசிங்க், அவெய்ட் என்றால் என்ன?" என்று கேட்டால் "நிரல் வேகமாக ஓடும்" என்று மனப்பாடமாகப் பதில் வருகிறது. "எப்படி வேகமாகும்?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. இதற்காகக் கடன் வாங்கிப் பயிற்சி மையத்தில் பணம் கட்டும் குடும்பங்களும் உண்டு. ஆகவே இதன் அடிப்படையை இங்கேயே படித்துவிடுவோம்.

ஒரு சமையல்காரர், மூன்று அடுப்பு

நோன்புக் கஞ்சி காய்ச்சுபவரைப் பாருங்கள். அரிசியை ஊறப்போட்டு, ஊறி முடியும்வரை அவர் கை கட்டி நிற்பதில்லை. அந்த நேரத்தில் வெங்காயம் அரிகிறார். தேக்சாவில் தண்ணீர் கொதிப்பதற்குள் இஞ்சி பூண்டைத் தயார் செய்கிறார். ஆள் ஒருவர்தான், அவர் கை வேகமும் கூடவில்லை. ஆனாலும் காத்திருக்கும் நேரத்தில் அடுத்த வேலையைப் பார்த்ததால் இஃப்தாருக்கு முன் கஞ்சி தயாராகிவிட்டது.

ஏசிங்க்ரனஸ் நிரல் என்பது இதுதான். சாதாரண பைத்தான் நிரல் ஒரு வரி முடிந்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போகும். இணையத்தில் ஒரு பக்கத்தைக் கேட்டால், பதில் வரும்வரை அப்படியே நிற்கும். ஏசிங்க் முறையில், பதிலுக்குக் காத்திருக்கும்போது வேறொரு வேலையை எடுத்துக்கொள்ளும். எந்த வேலை காத்திருக்கிறது, எது தயார் என்று மாறிமாறிக் கவனிக்கும் அந்தச் சமையல்காரருக்குப் பைத்தானில் "ஈவென்ட் லூப்" என்று பெயர்.

இந்த வசதி வந்த கதை

பைத்தான் மொழியை கைடோ வான் ரோசம் 1991-ல் வெளியிட்டார். ஏசிங்க்ஐஓ என்ற நூலகம் 2014-ல் 3.4 பதிப்பில் சேர்ந்தது. ஏசிங்க், அவெய்ட் என்ற சொற்கள் 2015-ல் 3.5 பதிப்பில் வந்தன. நிரலை எளிதாகத் தொடங்க உதவும் ஏசிங்க்ஐஓ.ரன் 2018-ல் 3.7 பதிப்பில் வந்தது. இந்த ஆண்டுகளைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடம் ஒன்றில், அவெய்ட் வரவேண்டிய இடத்தில் "யீல்ட் ஃப்ரம்" என்று இருந்தால் அதை விட்டுவிட்டுப் புதிய பாடத்தைத் தேடுங்கள்.

முதல் நிரல்

உதவித்தொகை, தேர்வு முடிவு, வேலை அறிவிப்பு என மூன்று இணையப் பக்கங்களைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். பதில் வர முறையே 3, 2, 1 நொடி ஆகிறது. கீழே படிப்பதற்காகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் தட்டும்போது கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். "பார்", "பெயர்" போன்று நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே எழுதவும் பைத்தான் 3 இடம் தருகிறது.

இம்போர்ட் ஏசிங்க்ஐஓ

ஏசிங்க் டெஃப் பார்(பெயர், நொடி):
    பிரின்ட்(பெயர், "தொடக்கம்")
    அவெய்ட் ஏசிங்க்ஐஓ.ஸ்லீப்(நொடி)
    பிரின்ட்(பெயர், "முடிவு")

ஏசிங்க் டெஃப் மெயின்():
    அவெய்ட் ஏசிங்க்ஐஓ.கேதர்(
        பார்("உதவித்தொகை", 3),
        பார்("தேர்வு முடிவு", 2),
        பார்("வேலை அறிவிப்பு", 1))

ஏசிங்க்ஐஓ.ரன்(மெயின்())

இதில் உள்ள நான்கு சொற்களைப் புரிந்துகொண்டால் போதும். டெஃப் என்பதற்கு முன் "ஏசிங்க்" சேர்த்தால், இடையில் நிறுத்தி மீண்டும் தொடரக்கூடிய செயல்பாடு கிடைக்கிறது. அதைக் "கோரூட்டீன்" என்பார்கள். "அவெய்ட்" என்றால், "இங்கே காத்திருக்கிறேன், அதுவரை வேறு வேலையைப் பார்" என்று ஈவென்ட் லூப்பிடம் சொல்வது. "கேதர்" பல வேலைகளைச் சேர்த்துத் தொடங்கி, எல்லாம் முடியும்வரை காத்திருக்கும். "ரன்" ஈவென்ட் லூப்பைத் தொடங்கும், கடைசியில் மூடும்.

ஓட்டிப் பார்த்தால் மூன்று தொடக்கமும் உடனே வரும். பிறகு வேலை அறிவிப்பு, தேர்வு முடிவு, உதவித்தொகை என்ற வரிசையில் முடிவுகள் வரும். ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் 6 நொடி. இங்கே சுமார் 3 நொடிதான். மிக நீண்ட காத்திருப்பு எவ்வளவோ, மொத்த நேரமும் ஏறக்குறைய அவ்வளவே.

அடிக்கடி நேரும் தவறுகள்

1. அவெய்ட் எழுத மறப்பது. கோரூட்டீனை அவெய்ட் இல்லாமல் அழைத்தால் வேலை நடக்காது. "நெவர் அவெய்ட்டட்" என்ற எச்சரிக்கை வரும்.

2. ஏசிங்க்ஐஓ.ஸ்லீப் இருக்க வேண்டிய இடத்தில் டைம்.ஸ்லீப் எழுதுவது. இது சமையல்காரரையே தூங்க வைப்பதுபோல. எல்லா அடுப்பும் நின்றுவிடும். ரிக்வெஸ்ட்ஸ் நூலகமும் இப்படித்தான் வழியை மறிக்கும். அதற்குப் பதிலாக ஏஐஓஎச்டிடிபி போன்ற நூலகத்தைப் பயன்படுத்த வேண்டும்.

3. கூகுள் கோலாபில் ஏசிங்க்ஐஓ.ரன் எழுதுவது. அங்கே ஈவென்ட் லூப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் பிழை வரும். அங்கு கடைசி வரியை "அவெய்ட் மெயின்()" என்று மட்டும் எழுதுங்கள்.

எங்கே பயன்படாது?

நேர்காணலில் பெரும்பாலும் இதைத்தான் சோதிப்பார்கள். இணையப் பதில், தரவுத்தளம், தொழிற்சாலை எந்திரத்தின் சென்சார் போன்றவற்றில் நிரல் பெரும்பாலும் காத்துத்தான் நிற்கிறது. அங்கே ஏசிங்க் கைகொடுக்கும். 50 எந்திரங்களின் வெப்பநிலையை ஒரே நிரல் கேட்டு வாங்குவதை நினைத்துப் பாருங்கள். ஆனால் பெரிய கணக்குப் போடுவது, படங்களைச் சுருக்குவது போன்றவற்றில் கணினி காத்திருப்பதில்லை. அதன் முழு உழைப்பும் போகிறது. இரண்டு கையாலும் மாவு பிசைபவருக்கு இன்னொரு அடுப்பைக் கொடுத்து என்ன பயன்? அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். பைத்தானில் அந்த இன்னொரு ஆள்தான் "மல்டிபிராசஸிங்".

ஓர் எச்சரிக்கை. ஒரே நேரத்தில் ஆயிரம் கோரிக்கைகளை ஒரு தளத்துக்கு அனுப்ப முடியும் என்பதற்காக அனுப்பக் கூடாது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஏழை மாணவருக்கும் அதே தளம்தான் வழி. "செமஃபோர்" என்ற கருவியால் ஒரு நேரத்தில் ஐந்து கோரிக்கை என்று வரம்பு வைக்கலாம். பிறர் வழியை மறிக்காமல் வேலை செய்வதும் இந்தப் பாடத்தில் அடங்கும்.

செலவில்லாமல் படிக்க

பைத்தானுக்குக் கட்டணம் இல்லை. கணினி இல்லாத வீட்டில் ஆண்ட்ராய்டு கைபேசியின் பிரவுசரில் கோலாபைத் திறந்தே பழகலாம். அடிப்படை உறுதியாக வேண்டுமானால், சென்னை கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் என்பிடெல் வழியாக நடத்திய பைத்தான் பாட விரிவுரைகளை இலவசமாகப் பார்க்கலாம். வீட்டில் இருந்தபடி படிக்க விரும்பும் நம் சகோதரிகளுக்கும் இது நல்ல வழி.

வீட்டுப்பாடம்

மேலே உள்ள நிரலில் கேதரை எடுத்துவிட்டு, மெயினுக்குள் மூன்று தனி வரிகளாக எழுதுங்கள்: அவெய்ட் பார்("உதவித்தொகை", 3), அடுத்து 2 நொடியுடையது, அடுத்து 1 நொடியுடையது. எத்தனை நொடி ஆகும் என்று தாளில் எழுதிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். விடை சுமார் 6 நொடி. அவெய்ட் இருந்தும் ஏன் நேரம் குறையவில்லை? ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்ததைத் தொடங்கினோம். காத்திருந்த நேரத்தில் லூப்பின் கையில் வேறு வேலை இல்லை. ஏசிங்க் என்ற சொல்லை எழுதுவதால் மட்டும் நேரம் மிச்சமாகாது. காத்திருக்கும்போது செய்ய வேறு வேலையை நாம்தான் கொடுக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பயிற்சிக் கட்டணம் கட்டுவதற்கு முன், 3 நொடிக்கும் 6 நொடிக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை உங்கள் பிள்ளையிடம் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கணினி படித்திருக்க வேண்டியதில்லை. கஞ்சி காய்ச்சத் தெரிந்தவருக்குப் புரியும்படி அவர் சொன்னால் அடிப்படை வந்துவிட்டது என்று கொள்ளலாம். சொல்லத் தடுமாறினால் இன்னும் ஒரு வாரம் இந்தப் பக்கத்தை வைத்துப் பழகட்டும். பணத்தை அதன் பிறகு கட்டலாம், இன்ஷா அல்லாஹ்.