மாற்றுச் சிகிச்சைக்கு முன்னே ஆகாரம்



வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1986-ஆம் ஆண்டு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கப்பட்டது. அன்று முதல் அங்கே இச்சிகிச்சை பெற்றவர்களில் தலசீமியா நோயுள்ள பிள்ளைகள் அநேகர். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மருந்து எவ்வளவு அவசியமோ, ஆகாரமும் அவ்வளவு அவசியம் என்பதே இம்முறை நமது பாடம்.

முதலாவது, சிகிச்சையில் நடப்பது என்ன? புதிய ஸ்டெம் செல்களுக்கு இடம் உண்டாக்க, பழைய மஜ்ஜையைக் கடுமையான மருந்துகளால் அழிக்கிறார்கள். அம்மருந்துகள் வாய் முதல் குடல் வரை புண்ணாக்குகின்றன. பிள்ளையால் விழுங்க முடிவதில்லை. வாந்தியும் பேதியும் வருகின்றன. அதே நாட்களில் வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய இல்லாமற் போவதால், புண்ணான குடல் வழியாகக் கிருமிகள் இரத்தத்தில் நுழைகின்றன. புதிய செல்கள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை உடல் தன் சேமிப்பைக் கொண்டே போராட வேண்டும். ஏற்கெனவே மெலிந்த பிள்ளைக்கு அந்தச் சேமிப்பு ஏது?

இரண்டாவது, தராசை மட்டும் நம்பக்கூடாது. தலசீமியாவில் ஈரலும் மண்ணீரலும் வீங்குவதால், மெலிந்த பிள்ளையின் எடையும் சரியாக இருப்பதுபோல் தோன்றும். ஆகவே உயரத்தையும், மேற்கையின் நடுச் சுற்றளவையும் அளக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்கு இச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால், அது கடுமையான சத்துக்குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மிகுந்த பருமனும் நல்லதல்ல. அதுவும் சிக்கல்களைக் கூட்டக்கூடும்.

மூன்றாவது, செய்யவேண்டியது என்ன? சிகிச்சைக்குச் சில மாதங்களுக்கு முன்பே பால், முட்டை, பருப்பு, மீன், எண்ணெய் சேர்ந்த ஆகாரத்தால் பிள்ளையைத் தேற்ற வேண்டும். "இரத்தம் குறைவுதானே" என்று இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுப்பது ஆபத்து. அடிக்கடி இரத்தம் ஏற்றப்பட்ட தலசீமியா பிள்ளையின் உடலில் இரும்பு ஏற்கெனவே மிதமிஞ்சியிருக்கிறது. சிகிச்சை நாட்களில் வாயால் உண்ண இயலாவிட்டால், மூக்கு வழியாகச் செலுத்தும் மெல்லிய குழாயில் ஆகாரம் கொடுப்பார்கள். குடல் அதையும் ஏற்காதபோது இரத்தக் குழாய் வழியாகச் சத்து ஏற்றுவார்கள். சிறிதளவேனும் குடலில் ஆகாரம் சென்றுகொண்டிருப்பது குடலைக் காக்கும்.

நல்ல ஆகாரம் எல்லாச் சிக்கல்களையும் தடுத்துவிடாது. ஆனால் நோயின் தன்மையையும் தானம் தருபவரின் பொருத்தத்தையும் நம்மால் மாற்ற முடியாது. பிள்ளையின் மெலிவை மாற்றலாம்.

மருந்துக்குக் கொடுப்பதைச் சிகிச்சை என்றும், முட்டைக்கும் பாலுக்கும் கொடுப்பதைத் தர்மம் என்றும் பிரித்துச் சொல்வது வழக்கம். மாதக்கணக்காக வேலையை விட்டு மருத்துவமனை அருகே வாடகை அறையில் தங்கும் தகப்பனுக்கு, முதலில் குறைவது சமையல் பானைதான். அந்தப் பானை நிறைந்திருப்பதும் சிகிச்சையே. அன்பர்களே, உதவி செய்யும்போது இதையும் நினைவில் வைப்போமாக.