செப்புத்தகட்டில் நம் சென்னை



சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேரனை அழைத்துக்கொண்டு நம் புனே ஜுனா பஜாருக்குப் போயிருந்தேன். பழைய இரும்புச் சாமான், கடிகாரம், செல்லாத நாணயம் எல்லாம் தரையில் பரப்பி வைத்திருந்த ஒரு கடையில், கண்ணாடி விரிசல் விட்ட சட்டத்துக்குள் ஒரு கடற்கரைப் படம் கிடந்தது. கீழே ஆங்கிலத்தில், மதராஸ் புனித ஜார்ஜ் கோட்டையின் தென்கிழக்குத் தோற்றம் என்று எழுதியிருந்தது. மூலப் படம் அல்ல, பிற்காலத்தில் அச்சிட்ட நகல்தான். ஆனாலும் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. பேரம் பேசி வாங்கி வந்தேன்.

ராஸ்தா பேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து தூசி தட்டி வைத்ததும், பேரன் வெகுநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு, "தாத்தா, இதுல நம்ம ஆளுங்க யாரு?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்காக நான் படித்துத் தெரிந்துகொண்டதையே இங்கே பாடமாக எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினால் மகிழ்வேன்.

படம் உருவான விதம்

இந்தப் படத்தை வரைந்தவர்கள் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். 1786-இல் இருவரும் கல்கத்தா வந்து சேர்ந்தபோது வில்லியமுக்குப் பதினாறு, பதினேழு வயதுதான். வட இந்தியாவைச் சுற்றி முடித்துவிட்டு 1792-இல் சென்னைக்கு வந்தார்கள். அங்கிருந்து திருச்சி, மதுரை, பாபநாசம் அருவி, கன்னியாகுமரி வரை சென்று வரைந்தார்கள். இங்கிலாந்து திரும்பியபின் 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற தலைப்பில் 144 படங்களை வெளியிட்டார்கள். நம் சென்னைக் காட்சிகள் 1797, 1798-இல் வந்த இரண்டாம் தொகுதியில் உள்ளன.

அக்காலத்தில் புகைப்படம் கிடையாது. முதலில் நேரில் பார்த்துத் தாளில் வரைய வேண்டும். பிறகு செப்புத்தகட்டில் மெல்லிய பிசின் தூளைப் படியவைத்துச் சூடாக்கி, அமிலத்தில் இடுவார்கள். பிசின் ஒட்டாத நுண்ணிய இடைவெளிகளை அமிலம் அரிக்கும். எவ்வளவு நேரம் அரிக்க விடுகிறார்களோ அவ்வளவு கருமை. மை தடவித் தாளில் அழுத்தி எடுத்து, மேலே கையால் வண்ணம் தீட்டுவார்கள். தகட்டில் இடம் வலமாக மாற்றி வரைந்தால்தான் தாளில் சரியாக வரும். ஆக, ஒரு படம் கண்ணிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து தகட்டுக்கும், தகட்டிலிருந்து மீண்டும் தாளுக்கும் வருகிறது. ஒவ்வொரு படியிலும் ஏதாவது சேரலாம், ஏதாவது விடுபடலாம். அதனால் இத்தகைய படத்தைச் சாட்சி சொல்ல வந்தவரைப் போலக் கருதி, நாம் சில கேள்விகள் கேட்க வேண்டும்.

கேள்வி ஒன்று: வரைந்தவர் ஊரைப் பார்த்தாரா?

டேனியல்கள் பார்த்தார்கள். எல்லோரும் அப்படியல்ல. 1732-இல் ஜார்ஜ் லாம்பர்ட், சாமுவேல் ஸ்காட் என்ற இருவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்துக்காக அதன் துறைமுகங்களைப் பெரிய ஓவியங்களாகத் தீட்டினார்கள். அவற்றுள் சென்னையும் ஒன்று. ஒருவர் நிலத்தையும் கட்டடங்களையும், மற்றவர் கப்பல்களையும் தீட்டினார். இருவரும் இந்தியாவுக்கு வந்ததே இல்லை! அந்த ஓவியங்கள் 1736-இல் செப்புத்தகட்டுப் படங்களாக அச்சாகி விற்பனைக்கு வந்தன. பங்குதாரர்கள் தங்கள் கம்பெனியின் வலிமையைக் கண்டு மகிழ வேண்டும் என்பதால் கப்பல்களுக்கே அவற்றில் முதல் மரியாதை.

இது சென்னைக்கு மட்டும் நடந்ததல்ல. கியூபாத் தீவின் வடகரையில் உள்ள ஹவானா நகரை 1762-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதன்பின் அந்தத் துறைமுகத்தின் படங்களும் லண்டனில் அச்சாகி விற்பனைக்கு வந்தன. வென்ற ஊரைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கும் வழக்கம் அது.

கேள்வி இரண்டு: படத்தில் இல்லாதது எது?

சென்னைக் கோட்டைக்கான நிலம் 1639-இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கம்பெனிக்குக் கிடைத்தது. நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் என்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். நெசவாளர், சாயம் போடுவோர், வணிகர், துபாஷிகள் எல்லோரும் கோட்டைக்கு வடக்கே குடியேறினார்கள். ஆங்கிலேயர் அந்தப் பகுதியைக் 'கறுப்பர் நகரம்' என்று அழைத்தார்கள்.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749-இல் அது ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து தாக்குவான் என்ற காரணத்தால் பழைய கறுப்பர் நகரம் இடித்து அகற்றப்பட்டது. பட்டணத்தின் பெரிய கோயிலான சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதில் போயிற்று. பின்னர் மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியாலும் பொருளுதவியாலும், பூக்கடைப் பகுதியில் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் கோயில்கள் இரண்டும் அடுத்தடுத்து எழுந்தன. பழைய கோயில் இருந்த இடத்தில் இன்று உயர்நீதிமன்ற வளாகம் இருக்கிறது. இந்தத் திறந்தவெளியில் இனி யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773-இல் ஆறு எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று மட்டும் பாரிமுனையில் எஞ்சி நிற்கிறது.

டேனியல்களின் 'கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதி' என்ற படத்தைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். அவர்கள் வந்தபோது அங்கே இருந்தது வடக்கே தள்ளி எழுந்த புதிய ஊர். கோட்டைக்கும் அதற்கும் நடுவே வெறும் வெளி. வரைபவருக்கு அது நல்ல காட்சி. அங்கே வீடிழந்தவருக்கோ அது வேறு.

கேள்வி மூன்று: பெயர் இல்லாதவர்கள் யார்?

நம் புனேயிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. டேனியல்கள் 1793-இல் பம்பாய்க்கு வந்தபோது ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஸ்காட்லாந்து ஓவியரைச் சந்தித்தார்கள். இவர் பேஷ்வா சவாய் மாதவராவையும் நானா பட்னவிஸையும் படமாகத் தீட்டியவர். ஆங்கிலத் தூதர் சார்லஸ் மாலெட்டின் முயற்சியால் ஷனிவார் வாடாவில் ஓர் ஓவியப் பள்ளி நடந்தது. அங்கே தேர்ந்தவர் கங்காராம் தாம்பட். எல்லோராக் குகைகளை வரைந்தவர்களில் அவரும் ஒருவர். 1795-இல் வேல்ஸ் இறந்தார். அவருடைய எல்லோராப் படங்களைத் தாமஸ் டேனியல் 1803-இல் வெளியிட்டார். வேல்ஸ், டேனியல் பெயர்களை உலகம் அறிந்தது. கங்காராமின் படங்கள் பல இன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் கலை மையத்தில் உள்ளன. புனேயில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

பேரனுக்குச் சொன்ன பதில்

இப்போது ஜுனா பஜார் படத்துக்கு வருவோம். கோட்டை மதில், அதற்கு மேலே புனித மேரி ஆலயத்தின் கோபுரம், முன்னால் பொங்கும் அலை, அலையில் படகுகள். கடல் கோட்டைக்கு அருகிலேயே இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் வியப்பார்கள். அன்று சென்னைக்குத் துறைமுகமே இல்லை. 1861-இல்தான் இரும்புத் தூண்கள் மேல் ஒரு பாலம் கடலுக்குள் நீட்டப்பட்டது. 1870-களில் தொடங்கிய துறைமுக வேலையை 1881-இல் ஒரு புயல் சிதைத்தது. மறுபடியும் கட்டினார்கள். துறைமுகச் சுவர் மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினாவில் கரை அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது.

துறைமுகம் வருமுன் கப்பல்கள் ஆழ்கடலிலேயே நிற்கும். கவர்னர் ஆனாலும் மூட்டை ஆனாலும் மசூலாப் படகில் ஏறித்தான் கரைக்கு வர வேண்டும். அந்தப் படகில் ஓர் ஆணி கூட இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை அடியில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். கூடவே கட்டுமரக்காரர்கள் வருவார்கள், யாரேனும் கடலில் விழுந்தால் தூக்கிவிட.

என் அப்பாவின் பாட்டனார் ராயபுரத்தில் மசூலாப் படகில் துடுப்புப் போட்டவர். அப்பா வேலை தேடிக் கடக்கிக்கு வந்தபின் அதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால், "ஹார்பர்ல உத்தியோகம்" என்பார். நானும் என் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லி வந்தேன். அன்று பேரனைப் பக்கத்தில் அழைத்து, அலையில் நிற்கும் படகைத் தொட்டுக் காட்டி, "இவங்கதாண்டா நம்ம ஆளுங்க. இவங்க இல்லேன்னா அந்தக் கோட்டைக்கு ஒரு செங்கல்லும் போயிருக்காது" என்றேன். அவன் கண்ணாடிமேல் விரலை வைத்து ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினான். என் மகன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் அது அன்றுதான் தெரிந்தது.

படம் இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், நம் முன்னோர் என்ன தொழில் செய்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். தகட்டில் யாரும் அவர்கள் பெயரைச் செதுக்கவில்லை. நாம்தான் எழுத வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்

1. செப்புத்தகட்டில் ஏன் இடம் வலமாக மாற்றி வரைய வேண்டும்?
2. மசூலாப் படகில் ஆணி அடிக்காததற்குக் காரணம் என்ன?
3. பாரிமுனையில் உள்ள எல்லைத் தூண் எதற்காக நடப்பட்டது?
4. உங்கள் கொள்ளுத்தாத்தா என்ன வேலை செய்தார்? வீட்டில் கேட்டு நான்கு வரிகள் தமிழில் எழுதுக.