இலவசப் பேருந்தும் கரியமில வாயுவும்

வாகனங்களில் பெட்ரோலும் டீசலும் எரியும்பொழுது கரியமில வாயு உண்டாகின்றது. இவ்வாயு பூமியின் மீது போர்வை போல் நின்று வெப்பம் வெளியேறாதவாறு தடுக்கின்றது. வெப்பம் மிகுந்தால் மழையின் பருவமும் அளவும் மாறும். காலையில் மழை பெய்தால் பால்மரம் வெட்ட இயலாது என்பதும், அதனால் வருமானம் குறையும் என்பதும் தோட்டப் பாட்டாளிகள் அறிந்தவையே.

வெளியேறும் கரிமத்தையும் காடுகள் முதலியன ஈர்க்கும் கரிமத்தையும் 2050ஆம் ஆண்டளவில் சமன்செய்யும் குறிக்கோளை மலேசியா 2021இல் அறிவித்தது. பேருந்துக் கட்டணத்தை நீக்கினால் இதற்குத் துணையாகுமா?

ஒரு கணக்கைக் காண்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ. தோட்டத்திலிருந்து பட்டணம் சென்று திரும்ப 40 கிலோமீட்டர் எனக் கொள்வோம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் கார் ஏறத்தாழ 9 கிலோவை வெளியிடும். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிள் 2.3 கிலோவை வெளியிடும். லிட்டருக்கு 3 கிலோமீட்டர் ஓடும் பேருந்தோ 36 கிலோவை வெளியிடும். அதில் 36 பேர் சென்றால் ஆளுக்கு ஒரு கிலோவே ஆகும்; மூவர் மட்டும் சென்றால் ஆளுக்கு 12 கிலோ ஆகிவிடும்! எனவே, சொந்த வாகனத்தில் செல்வோர் பேருந்தில் ஏறினாலன்றிப் பயனில்லை.

எஸ்தோனியா நாட்டின் தலைநகராகிய தாலின், 2013இல் தன் குடிமக்களுக்குப் பேருந்துக் கட்டணத்தை நீக்கியது. பயணிகள் பெருகினர், ஆனால் அவர்களுள் முன்பு நடந்து சென்றவர்களும் பலர். கார்ப் பயணம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. லக்சம்பர்க் 2020இல் நாடு முழுமைக்கும் இரயில், டிராம், பேருந்து ஆகியவற்றை இலவசமாக்கியது. அங்கும் கார்கள் சாலையை விட்டு அகலவில்லை.

ஆயினும், இலவசப் பயணம் வீண் என்று கருதுதல் தவறு. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். இதனால் மிஞ்சும் பணம் குடும்பச் செலவுக்கு உதவுகின்றது. வேலைக்கும் மருத்துவமனைக்கும் பிறர் கையை எதிர்பாராமல் செல்ல முடிகின்றது. கோலாலம்பூரிலும் 2012இல் இலவச நகரப் பேருந்துச் சேவை தொடங்கப்பெற்றது.

மலாக்கா மாநிலத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்கள் பல, பெருஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கின்றன. மலாக்கா சென்ட்ரல் நிலையத்திற்குச் செல்லும் பேருந்தைப் பிடிக்க முதலில் சாலைக்கு வந்தாக வேண்டும். பேருந்து வரும் நேரம் உறுதியாகத் தெரியாவிடில், கட்டணம் இல்லை என்பதற்காக எவரும் மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு வரமாட்டார். ஆகவே, வழித்தடமும் நேரமும் முதலில் சீர்பெற வேண்டும். கட்டணச் சலுகை அதனுடன் சேர்ந்து வர வேண்டும்.

இதில் தோட்ட மக்களுக்கும் பங்குண்டு. பள்ளிக்கும் சந்தைக்கும் ஆலைக்கும் எத்தனை பேர், எந்த நேரத்தில் செல்கின்றனர் என்பதைத் தொழிற்சங்கக் கிளையினர் கணக்கெடுத்து, தம் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்து மூலம் கொடுக்கலாம். குறித்த வேளையில் பேருந்து நிறையும் என்று காட்டும் கணக்கே, அவ்வழியில் பேருந்து விடக் கோருவதற்கு வலுவான சான்றாகும்.