"விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்" என்று கடைக்காரர் சொன்னால்?

கேள்வி: ஐயா, கிராஞ்சி தங்கும் விடுதியில் இருக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் லிட்டில் இந்தியாவில் 420 வெள்ளிக்குப் புதுக் கைப்பேசி வாங்கினேன். இரண்டே மாதத்தில் சார்ஜ் ஏறாமல் போனது. கடையில் இரண்டு முறை பழுதுபார்த்தும் சரியாகவில்லை. இப்போது, "தண்ணீர் பட்டிருக்கு, காசு கட்டு" என்கிறார்கள். பில்லில் 'திரும்பப் பெறப்படாது' என்று அச்சிட்டிருக்கிறது. அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். பணம் கிடைக்குமா?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள 'லெமன் சட்டம்' உங்கள் பக்கம் நிற்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அது இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் பட்டது என்றால் அதைக் கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது. பில்லில் உள்ள அந்த வாசகம் இந்த உரிமையைப் பறிக்காது. "கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போ" என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. உங்களிடம் பணம் வாங்கியவர் கடைக்காரர், பொறுப்பும் அவருடையதே.

முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்க வேண்டும். அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். நியாயமான காலத்துக்குள் அது சரியாகாததால் விலைக் குறைப்போ, பணத்தைத் திருப்பித் தருவதோ கேட்கலாம். பயன்படுத்திய காலத்துக்காக ஒரு தொகையைக் கழிக்கக்கூடும். முழு 420 வெள்ளியும் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையிலேயே நீங்கள் தண்ணீரில் போட்டிருந்தால் இந்தச் சட்டம் உதவாது. அதை மறைத்து வழக்குக்குப் போக வேண்டாம்.

இன்றே கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். பில், பழுதுபார்த்த சீட்டுகள், பேசிய செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம். அல்லது நேராகச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். சிங்பாஸ் வழியாக இணையத்திலேயே பதியலாம். அங்கே இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது; கடைக்காரரும் தானே வந்து பேச வேண்டும்.

வொர்க் பெர்மிட்காரர் என்பதால் உங்கள் உரிமை குறைந்துவிடாது. பலர் இந்தத் தயக்கத்திலேயே பணத்தை விட்டுவிட்டு விமானம் ஏறுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். கோரிக்கை பதிய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் ஊருக்குப் போனபின் விசாரணையில் கலந்துகொள்வது சிரமம். ஆகவே இந்த வாரமே பதியுங்கள்.