நோய் இலையில், காரணம் சாடியில்

வியாபாரத்தில் சரக்குப் பழுதானால் உடனே ஏதாவது செய்துவிட வேண்டும் என்று கை துடிக்கும். அப்படித் துடித்த கையால் நான் நட்டப்பட்ட கதையையே இவ்வாரம் சொல்லப் போகிறேன். பூச்செடி விற்காதவர்களுக்கும் இதில் படிப்பினை உண்டு.

களுத்துறை மாவட்டத்தில் கடலோரமாக எனக்கு ஒரு சிறிய நாற்றுமேடை இருக்கிறது. 2017ஆம் ஆண்டு, பூச்சி தின்னும் குடுவைச் செடிகளுக்குக் கிராக்கி இருப்பதைக் கண்டு, வீட்டில் தண்டு வெட்டி வளர்க்கும் ஒருவரிடம் 60 செடிகள் வாங்கினேன். இந்தச் செடியின் இனமொன்று நமது நாட்டுக்கே உரியது. சிங்களத்தில் பாந்துரா என்பார்கள். சிங்கராஜ போன்ற ஈரவலயக் காடுகளின் ஓரங்களில் படரும். காட்டில் பிடுங்கி விற்பது குற்றம். குடுவைச் செடிகளின் சர்வதேச வர்த்தகமும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆகவே வளர்ப்பாளரிடம் வாங்குவதே முறை.

வாங்கிய செடிகளைப் பக்கத்து ஆலையில் மலிவாகக் கிடைத்த தும்புச்சோற்றில் மாற்றி நட்டேன். ஆறு வாரத்தில் இலை நுனிகள் கருகின. புதுக் குடுவைகள் பயறளவிலேயே காய்ந்தன. பசி என்று நினைத்துப் பசளை போட்டேன். இன்னும் கருகியது. பூஞ்சணம் என்று மருந்து அடித்தேன். பலனில்லை. வெயில் என்று எண்ணிக் கிணற்று நீரை இரட்டிப்பாக ஊற்றினேன். 20 செடிகள் செத்தன. மூன்று வைத்தியத்தையும் ஒரே மாதத்தில் செய்ததால் எது கெடுத்தது என்பதும் தெரியவில்லை.

அந்த நேரத்தில் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர் வந்தார். செடியை அவர் பார்க்கவே இல்லை. சாடியின் விளிம்பில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டி, "தம்பி, இது உப்பு. தண்ணியை அளந்து பார்த்தீங்களா?" என்று கேட்டார். நான் விழித்தேன்.

நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீற்றர் ஒன்றை வாங்கினேன். பேனை அளவில் இருக்கும். மழைநீர் 12 காட்டியது. எனது கிணற்று நீர் 310. தும்புச்சோற்றை மழைநீரில் ஊறவைத்துப் பிழிந்த நீர் 900ஐத் தாண்டியது. இச்செடிகளுக்கு 50க்குக் கீழ் இருப்பது நல்லது, 100 வரை சமாளிக்கலாம்.

காரணம் இதுதான். இவை சத்தில்லாத மண்ணில் வாழப் பழகிய செடிகள். வேண்டிய நைதரசனைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் வேர் உப்பைத் தாங்காது. தேங்காய் மட்டையிலோ இயற்கையாகவே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. உவர்நீரில் ஊறப்போட்ட மட்டையானால் இன்னும் அதிகம். இதன்மேல் நான் பசளையும் கிணற்று நீரும் சேர்த்தது புண்ணில் உப்புத் தடவிய மாதிரி.

அதன்பிறகு நான் கைக்கொள்ளும் ஒழுங்கு இது:

1. மருந்துக்கு முன் அளவு. சாடியில் மழைநீர் ஊற்றி, அடியில் வடிவதைப் பிடித்து அளக்க வேண்டும். ஊற்றிய நீரைவிட வடிந்த நீர் மிக உயர்வாகக் காட்டினால் குற்றம் ஊடகத்தில்.

2. செடியை மெல்ல இழுத்து வேரைப் பாருங்கள். குடுவைச் செடியின் வேர் இயல்பாகவே கறுப்பு. கறுப்பைக் கண்டு அழுகல் என்று பயப்படக் கூடாது. உறுதியாக இருந்தால் நலம். நசிந்து, கூழ் முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லாமல் அழுகுகிறது. கலவை இறுகிவிட்டது என்று அர்த்தம்.

3. இலை பச்சையாக இருந்தும் குடுவை மட்டும் வராவிட்டால், காற்றில் ஈரப்பதம் குறைவு, வெளிச்சம் போதாது, அல்லது இடம் மாற்றிய அதிர்ச்சி. பழைய குடுவை மேலிருந்து காய்வது வயது, நோயல்ல.

4. குருத்து சுருண்டு பஞ்சு போல வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. அதற்கு மட்டுமே பூச்சிக்கான வைத்தியம்.

5. ஒரு தடவையில் ஒரு மாற்றம். இரண்டு செடிகளைத் தொடாமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். கொப்பியில் திகதி எழுதுங்கள்.

தும்புச்சோற்றை இப்போது மழைநீரில் ஒரு நாள் ஊறவிட்டு வடித்து, மீண்டும் ஊறவிடுகிறேன். உள்ளே பிடித்திருக்கும் உப்பு மெதுவாகவே வெளிவரும் என்பதால் ஒரு தடவை அலசுவது போதாது. முதற் தொகுதிக்கு ஆறு தடவை தேவைப்பட்டது. கழுவியது ஒரு பங்கு, கழுவிய மட்டைத் துண்டு இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, கொஞ்சம் மரக்கரி. கடல் மணலும் சிப்பி கலந்த மணலும் கூடவே கூடாது.

வீனஸ் பூச்சிப்பொறி பற்றியும் ஒரு வார்த்தை. அது அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களின் செடி. குளிர்கால ஓய்வு வேண்டும். கொழும்புச் சூட்டில் கலவை எவ்வளவு சரியானாலும் காலப்போக்கில் மெலியும். இதை வாங்குபவருக்குச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

மிஞ்சிய 40 செடிகளில் பாதி அப்போதும் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. ஹோட்டலொன்றுக்காக ஒருவர் 20 செடிகளுக்குக் காசோடு வந்து நின்றார். "நானா, குடுத்துடுவம், அவருக்குத் தெரியவா போகுது?" என்றான் என்னோடு வேலை செய்யும் பையன். வாடகை கட்ட வேண்டிய கிழமை அது. ஆனால் அதே கலவையில் நின்ற செடிகள் அவரிடம் போய்ச் சாகும் என்பது எனக்குத் தெரியும். விஷயத்தைச் சொல்லி, இரண்டு மாதம் தவணை கேட்டேன். அவர் முகம் சுளித்துக்கொண்டு போய்விட்டார்.

40ஐயும் மாற்றி நட்டு, நிழலில் வைத்து, மழைநீர் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லை. கருகிய இலை பச்சையாகாது, புது இலையைத்தான் பார்க்க வேண்டும். எட்டாம் வாரம் 33 செடிகளில் சுத்தமான குருத்து வந்தது. ஹோட்டல்காரருக்கு நானே தொலைபேசி எடுத்தேன். வந்து 20ஐயும் வாங்கினார், அடுத்த வருடம் பூச்சாடிகளும் என்னிடமே கேட்டார்.

மலிவான தும்புச்சோற்றில் நான் மிச்சம் பிடித்த காசு, செத்த 27 செடிகளின் விலைக்குக் கிட்டவும் வராது. உங்கள் கடையில் எந்தச் சரக்குப் பழுதானாலும், மருந்தைத் தேடுமுன் அது எதில் நிற்கிறது, எதைக் குடிக்கிறது என்று பாருங்கள்.