எக்ஸ் சர்வரின் கடிகாரத்தில் அலாரம் வைக்கும் முறை

எக்ஸ் சாளர அமைப்பில் திரையும் விசைப்பலகையும் சர்வரின் பொறுப்பு. நிரல் வேறொரு கணினியில்கூட ஓடலாம். நிரல் தன் கணினியின் கடிகாரத்தைப் பார்த்துக் கட்டளை அனுப்பினால், வலைப்பின்னலின் தாமதத்தால் நேரம் தவறும். அதைத் தவிர்க்க, சிங்க் நீட்சி சர்வருக்குள்ளேயே 64 பிட் கவுண்டர்களை வைத்திருக்கிறது. சி மொழியில் அவற்றைக் கையாளும் செயற்கூறுகளின் பெயர்கள் எல்லாம் ‘எக்ஸ்சிங்க்’ என்று தொடங்கும். கீழே அந்த முன்னொட்டு விடப்பட்டுள்ளது.

1. நீட்சியைச் சோதித்தல்: முதலில் ‘குவெரிஎக்ஸ்டென்ஷன்’, அடுத்து ‘இனிஷியலைஸ்’ அழைக்கப்பட வேண்டும். முன்னது தரும் நிகழ்வு அடி எண் 5ஆம் படியில் தேவைப்படும்.

2. கடிகாரத்தைக் கண்டறிதல்: ‘லிஸ்ட்சிஸ்டம்கவுண்டர்ஸ்’ தரும் பட்டியலில் ‘சர்வர்டைம்’ என்ற பெயரைத் தேட வேண்டும். இது மில்லிவினாடிகளை எண்ணும் கவுண்டர். இதன் கீழ் 32 பிட்டுகளே நிகழ்வுகளில் நேரமுத்திரையாக வருகின்றன. அந்த 32 பிட் எண் சுமார் 49.7 நாளில் நிரம்பி மீண்டும் சுழியத்துக்குத் திரும்பும். 64 பிட் கவுண்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. கவுண்டரின் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, ‘ஃப்ரீசிஸ்டம்கவுண்டர்லிஸ்ட்’ மூலம் பட்டியலை விடுவிக்கலாம்.

3. நேரத்தைப் படித்தல்: ‘குவெரிகவுண்டர்’ மதிப்பைத் தரும். அது நிரலை வந்தடைவதற்குள் கவுண்டர் சற்று நகர்ந்திருக்கும். மதிப்பு இரு 32 பிட் பாதிகளாக இருப்பதால், கூட்டுவதற்கு ‘வேல்யூஆட்’ பயன்படுத்த வேண்டும்.

4. அலாரம் வைத்தல்: வினாடிக்கொருமுறை ஒலிக்க, ‘கிரியேட்அலாரம்’ செயற்கூறுக்கு ‘சர்வர்டைம்’ கவுண்டர், ‘ரிலேடிவ்’ வகை, காத்திருப்பு மதிப்பு 1000, ‘பாசிடிவ்கம்பேரிசன்’ சோதனை, டெல்டா (அடுத்த ஒலிப்புக்கான இடைவெளி) 1000 ஆகியவற்றைத் தர வேண்டும். எந்தெந்தப் புலங்கள் நிரப்பப்பட்டன என்பதை முகமூடி எண் சொல்ல வேண்டும். விடுபட்ட புலத்துக்கு இயல்பு மதிப்பே செல்லும். டெல்டா விடுபட்டால் 1 ஆகிவிடும். நிகழ்வுகள் வெள்ளமாக வரும். டெல்டா 0 என்றால் அலாரம் ஒருமுறை மட்டும் ஒலித்து ஓயும்.

5. நிகழ்வைப் பெறுதல்: அடி எண்ணுடன் ‘அலாரம்நோட்டிஃபை’ மாறிலியைக் கூட்டினால் நிகழ்வின் வகை எண் கிடைக்கும். சர்வர் தாமதித்தால், தவறிய பல வினாடிகளுக்கும் சேர்த்து ஒரே நிகழ்வு வரும். ஆகவே நிகழ்வுகளை எண்ணாமல், அவற்றிலுள்ள கவுண்டர் மதிப்பைக் கொண்டே கழிந்த நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

6. வரைதலை நிறுத்திவைத்தல்: ‘அவெய்ட்’ நிரலை நிறுத்துவதில்லை, நிபந்தனை நிறைவேறும் வரை அந்த நிரலின் அடுத்த கோரிக்கைகளைச் சர்வர் நிறைவேற்றாமல் வைத்திருக்கும். அசைவூட்டப் படங்களை முன்கூட்டியே அனுப்பி உரிய நேரத்தில் வரைய இது உதவும்.

7. சொந்தக் கவுண்டர்: ‘கிரியேட்கவுண்டர்’ உருவாக்கும், ‘செட்கவுண்டர்’ மதிப்பை வைக்கும், ‘சேஞ்ச்கவுண்டர்’ கூட்டிக் குறைக்கும். பின்னிரண்டையும் சர்வர்டைம் மீது ஏவினால் அணுகல் பிழைதான் வரும்.

8. முடித்தல்: ‘டிஸ்ட்ராய்அலாரம்’, ‘டிஸ்ட்ராய்கவுண்டர்’ ஆகியவை நிரல் உருவாக்கியவற்றை நீக்கும்.