‘பாவம், அவனுக்கு என்ன தெரியும்?’

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி தாண்டிக் கிளாவரை போகிற மலைப்பாதையில் இருக்கிறது பூண்டி. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் என்று காட்டு வேலை ஓயாத ஊர். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால் இங்கே என்ன பேசுவார்களோ, அதையேதான் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பிலும் பேசுகிறார்கள். அங்கே கொஞ்சம் நாசூக்காக, அவ்வளவுதான். சாபம், கிரகணம் மாதிரியான பேச்சை விரட்டுவது சுலபம். பாசத்தின் பேரில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற நம்பிக்கைகளால்தான் பிள்ளைக்கு அதிக நஷ்டம்.

‘போன ஜென்மத்துப் பாவம்’

இல்லை. 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் டவுன் சிண்ட்ரோம் வருகிறது என்று 1959-லேயே பிரான்ஸில் கண்டு சொல்லிவிட்டார்கள். குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத் திணறல், மூளைக்காய்ச்சல், பிறவியிலேயே தைராய்டு குறைவு, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் என்று அறிவுசார் குறைபாட்டுக்கு வேறு காரணங்களும் பல. எத்தனையோ பிள்ளைகளுக்குக் காரணமே தெரிவதில்லை. தெரியாத இடத்தில் தாயின் தலையில் பழியைப் போடுவது நம் பழக்கம்.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. மழை அலசிப்போகும் சரிவு மண்ணில் அயோடின் குறைந்துவிடும். கர்ப்பிணிக்கு அயோடின் போதாவிட்டால் அது குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தொடும். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்ற தடை 2006-லிருந்து இருக்கிறது. கல் உப்போ தூள் உப்போ, பாக்கெட்டில் அயோடின் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

‘அவங்கப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினாரு’

பேசியிருக்கலாம். அதை நம்பிப் பிள்ளையைக் காக்க வைப்பது நியாயமில்லை. ஒன்றரை வயதில் ஒரு வார்த்தையும் வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும், பிறகு வளர்ச்சியை. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமே கேட்கலாம். அவர்கள் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். மூளையை வளர்க்கும் ஊசியோ டானிக்கோ கிடையாது. வலிப்புக்கும் தைராய்டுக்கும் மருந்து உண்டு, மற்றதெல்லாம் பயிற்சி. ‘கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிரும்’ என்பதற்கு இந்தப் பத்தியில் இடம் ஒதுக்கவே மனமில்லை. இன்னொரு வீட்டுப் பெண்ணிடம் உண்மையை மறைத்து எந்த வைத்தியமும் நடக்காது.

‘பாவம், அவனுக்கு என்ன தெரியும்? நாமே செஞ்சிரலாம்’

இருப்பதிலேயே பெரிய நம்பிக்கை இதுதான். இதைச் சொல்பவர் கெட்டவர் இல்லை, பெரும்பாலும் அம்மாவோ அப்பத்தாவோ. பதினைந்து வயதிலும் ஊட்டிவிடுவார், குளிப்பாட்டுவார், சட்டை மாட்டுவார். பிள்ளை எதையும் கற்றிருக்காது. ‘பாத்தீங்களா, ஒண்ணும் தெரியலை’ என்று அதையே சாட்சியாகவும் காட்டுவார்.

குளிரில் தினமும் மாட்டுகிற ஸ்வெட்டரை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரே வேலை. உண்மையில் ஐந்தாறு வேலை: முன்பக்கம் எது என்று பார்ப்பது, தலையை நுழைப்பது, ஒரு கை, மறு கை, கீழே இழுத்துவிடுவது. சிறப்புப் பயிற்றுநர்கள் பல சமயம் இதைக் கடைசியிலிருந்து தொடங்குவார்கள். எல்லாவற்றையும் நாம் செய்துவிட்டு, இழுத்துவிடுவதை மட்டும் பிள்ளைக்கு விட வேண்டும். வேலையை முடித்தது தான்தான் என்ற திருப்தி அதற்குக் கிடைக்கும். அது பழகியதும் இரண்டாவது கை, பிறகு முதல் கை. சிலருக்கு வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். நடுவில் ‘பஸ்ஸுக்கு நேரமாச்சு’ என்று பிடுங்கி மாட்டிவிடாமல் இருப்பதுதான் பெரியவர்களுக்கான பயிற்சி.

2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டும் இதற்குத் தோதான பாடம். பெரிசு சிறிசு பிரிக்கச் சொன்னால் குழம்புகிற பிள்ளையிடம் ஒரு வளையலைக் கொடுத்துப் பாருங்கள். வளையலுக்குள் நுழையும் பூண்டு இந்தக் கூடை, நுழையாதது அந்தக் கூடை. எண்ணவோ படிக்கவோ தெரிய வேண்டியதில்லை. ஆனால் செய்த வேலைக்கு மற்றவர்களுக்குத் தருகிற கூலியைத் தர வேண்டும். ‘சும்மா பொழுதுபோக்குக்கு’ என்று சொல்லி வேலை வாங்குவது இன்னொரு மோசடி.

இப்படிப் பயிற்சி தரப் பெரிய கட்டடம் வேண்டும், டவுனுக்குக் குடிபோக வேண்டும் என்பதும் முழு உண்மை இல்லை. ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் களப்பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய்த் தாய்மார்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். சென்னையில் 1989-லிருந்து இயங்கும் மதுரம் நாராயணன் மையத்தில் பிள்ளையோடு அம்மாவும் உட்கார்ந்துதான் கற்கிறார். அரசுப் பள்ளித் திட்டத்திலும் சிறப்புப் பயிற்றுநர் உண்டு, பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வரை, பக்கத்துப் பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்கிறது 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ‘இவனைச் சேர்க்க முடியாது’ என்று வாயால் சொல்லி அனுப்பும் பள்ளியிடம், அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு மாறும்.

‘கார்டு எடுத்தா தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது’

ஊருக்கே தெரிந்த பிள்ளையைக் கார்டு மறைக்கவும் போவதில்லை, காட்டிக்கொடுக்கவும் போவதில்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை. தமிழக அரசு தரும் பராமரிப்புத் தொகை 2023-ல் மாதம் 2000 ரூபாயாக இருந்தது. அட்டை வாங்கப் பூண்டியிலிருந்து திண்டுக்கல் போய் வர ஒரு நாள் கூலி போகும் என்பது நிஜமான கஷ்டம். அட்டை தரும் முகாம்கள் இன்னும் மேலே ஏறி வர வேண்டும் என்று கிராமசபையில் தீர்மானம் போடலாம்.

‘எல்லாம் ஒரே மனநோய்தான்’

இல்லை. மனநோய் எந்த வயதிலும் வரலாம், மருந்தில் கட்டுப்படும். அறிவுசார் குறைபாடு வளரும் பருவத்திலேயே தெரிவது. இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். சங்கிலி இரண்டுக்கும் வைத்தியம் இல்லை: 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத்தில் பற்றிய தீயில், கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் செத்தார்கள். 2017-ஆம் வருட மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது.

‘நமக்கப்புறம் அண்ணன் பாத்துக்குவான்’

அண்ணனிடம் கேட்டீர்களா? பல வீடுகளில் கேட்பதே இல்லை. காட்டில் இவனுக்குள்ள பங்கை அண்ணன் பேருக்கே எழுதிவைத்துவிட்டு, அதையே ஏற்பாடு என்கிறார்கள். 18 வயது முடிந்தால் சட்டப்படி இவனும் மேஜர். அதற்குமேல் பெற்றோர் தாமாகவே பாதுகாவலர் ஆகிவிட முடியாது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் வருடத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி சொல்கிறது. கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். பாதுகாவலராக நியமிக்கப்படுபவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், பிறகு வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும். கணக்கு ஒழுங்கில்லை என்றாலோ, கவனிக்காமல் விட்டார் என்றாலோ அவரை மாற்றக் கேட்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.